வன்னிக் குளத்தில் எந்த மாதம் எந்தப் பிளை?

பிளை பிஷிங், அதாவது பூச்சி போன்ற இரைகளின் உருவத்தில் கட்டிய ‘பிளை’யை வீசி மீன் பிடிப்பது பற்றிப் படிக்கத் தொடங்குகிற எவருக்கும் முதலில் கிடைப்பது ஒரு அட்டவணைதான். ஏப்ரலில் இந்தப் பூச்சி, மே மாதத்தில் அந்தப் பூச்சி, அதற்கு இன்ன பிளை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அந்த அட்டவணைகளில் பொய் ஒன்றும் இல்லை. அவை இங்கிலாந்திலோ அமெரிக்காவின் மொன்டானாவிலோ ஓடுகிற குளிர்ந்த ஆறுகளுக்காக எழுதப்பட்டவை. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரணைமடுக் குளக்கரையிலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ நின்றால் ஒரு மீனும் திரும்பிப் பார்க்காது. வன்னியில் பிளை பிஷிங் செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். விரால் ஒன்றே போதும் அதற்கு. ஆனால் இங்கே பருவத்தைக் கணிக்க வேறு அளவு வேண்டும். அந்த அளவு குளத்து நீர்மட்டம் என்பது என் உறுதியான கருத்து. குளத்தில் இன்று எத்தனை அடி நிற்கிறது, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, கலங்கலா தெளிவா என்று பார்த்தாலே பெட்டியிலிருந்து எந்தப் பிளையை எடுப்பது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்கட்டியின் பாரம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போய் விழுத்துகிறது. பிளைக்கு அந்தப் பாரம் கிடையாது. அது முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் வைத்துக் கட்டிய ஒரு சிறு உருவம். அதனால் பாரத்தை நூலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தடித்த, பூச்சுப் பூசிய அந்த நூலைத் தடியால் முன்னும் பின்னும் வீசும்போது அது காற்றில் விரிந்து பிளையைக் கொண்டு போய் வைக்கிறது. நூலின் பாரத்துக்கு எண் உண்டு. முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருந்தால் அது 5ஆம் எண், 13.6 கிராம் இருந்தால் 8ஆம் எண். திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் 5 போதும். விராலுக்கும் களப்புக் கொடுவாவுக்கும் 8 வேண்டும்.

பூச்சியைப் போல உருவம் செய்து மீனை ஏமாற்றுவது மிகப் பழைய வித்தை. மக்கெடோனிய ஆறொன்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை கி.பி. 200 அளவில் உரோமாபுரியில் வாழ்ந்த ஏலியன் எழுதி வைத்திருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான, தூண்டில் பற்றிய புத்தகம் ஒன்றில் 12 பிளைகள் மாதவாரியாக வகுத்துச் சொல்லப்பட்டுள்ளன. மாதத்துக்கு ஒரு பிளை என்ற எண்ணத்துக்கு அவ்வளவு வயது.

அந்த எண்ணம் அங்கே பலிப்பதற்குக் காரணம் குளிர். மேபிளை, கேடிஸ், ஸ்டோன்பிளை முதலிய பூச்சிகள் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றடியில் குடம்பியாகக் கழிக்கின்றன. குளிர்காலம் முடிந்து தண்ணீர் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தொட்டதும் ஒரே இனப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து சிறகு விரிக்கின்றன. அந்த ஒன்றிரண்டு மணி நேரம் டிரவுட் மீன் அந்த ஒரு பூச்சியை மட்டுமே தின்னும், வேறு எதைக் காட்டினாலும் தொடாது. டிரவுட் நன்றாக இரை எடுப்பது 10 முதல் 16 பாகை செல்சியஸ் தண்ணீரில். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை இலங்கைக்குக் கொண்டுவந்தபோது நுவரெலியாவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் தேடிப் போனது அதனால்தான்.

வன்னிக் குளத்துத் தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மார்கழியில் கூட டிரவுட் தாங்குகிற அளவுக்குக் குளிராது. பூச்சிகள் வருடம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும், மீனும் கிடைத்ததைத் தின்னும். இங்கே பெரிதாக மாறுவது தண்ணீரின் அளவு. மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து விழுந்துவிடுகிறது. அதைக் குளத்தில் மறித்து வைத்து, துரிசு (மதகு) திறந்து காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் பாய்ச்சுகிறோம். ஆவணி, புரட்டாதியில் குளம் ஒட்டிப் போகிறது. நிறைந்தால் 36 அடி நிற்கிற இரணைமடுவிலேயே கோடை முடிவில் அலைகரை பெரும் வெளியாகி மாடு மேயும். ஒரே குளம் ஆறு மாத இடைவெளியில் இரண்டு வேறு இடங்களாகிவிடுகிறது. மீன் எங்கே நிற்கும், என்ன தின்னும் என்பதையெல்லாம் இந்த ஏற்ற இறக்கம்தான் தீர்மானிக்கிறது.

ஆண்டை நான் ஐப்பசியில் தொடங்குகிறேன். கோடை முழுவதும் காய்ந்து வெடித்த அலைகரை மண்ணில் முதல் பெருமழை விழுகிறது. அடுத்தடுத்த நாட்களில், மழை விட்ட மாலைப்பொழுதில், புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். வெளிநாட்டு அட்டவணைகள் சொல்லும் ‘எல்லாம் ஒரே நேரத்தில்’ என்ற நிகழ்ச்சிக்கு வன்னியில் உள்ள உண்மையான நிகர் இதுதான். தண்ணீரிலிருந்து வராமல் தரையிலிருந்து வருகிறது, வெப்பத்துக்குப் பதில் மழையைக் கேட்டு வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. சிறகு உதிர்த்த ஈசல் குளத்து ஓரத்தில் விழுந்து மிதக்கும்போது கெண்டை, திலாப்பியா, பனையேறிக் கெண்டை எல்லாமே மேலே வந்து பொறுக்கும். அந்த நேரத்தில் மட்டும் பூச்சியை அச்சாகப் பார்த்துக் கட்டிய பிளை பலன் தரும். 12ஆம் இலக்க முள் (இலக்கம் கூடக் கூட முள் சிறுக்கும்), மண்ணிற நூலால் சுற்றிய மெல்லிய உடல், முதுகில் ஒரு கீற்று மிதக்கும் ஸ்பொஞ்ச், இரண்டு பக்கமும் வெளிறிய இறகுத் துண்டு. இதைச் சும்மா மிதக்க விட வேண்டும். இழுத்தால் மீன் சந்தேகப்படும், ஏனென்றால் விழுந்த ஈசல் நீந்திப் போவதில்லை. ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் குளத்துக்குப் போகிறவர் பெட்டியில் ஈசல் பிளை இரண்டு மூன்று கட்டாயம் இருக்க வேண்டும். வருடத்தின் மற்றக் காலத்தில் அதற்கு வேலை குறைவு.

அந்த ஈசல் நேரம் போக மற்ற நேரமெல்லாம் மாரித் தொடக்கத்தின் பிரச்சினை கலங்கல். ஆற்று வெள்ளம் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். கண்ணுக்கு எட்டாத தண்ணீரில் மீன் தன் பக்கக்கோட்டால் (உடம்பின் இரு பக்கமும் ஓடும் உணர்வுக் கோட்டால்) அதிர்வை உணர்ந்துதான் இரையைத் தேடுகிறது. வானத்தைப் பின்னணியாக வைத்துக் கீழிருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்புத்தான் தெளிவாகத் தெரியும். அதனால் கலங்கலில் வண்ண வண்ணமாகக் காட்டுவதில் பயன் இல்லை. கறுத்த, பருத்த, தண்ணீரைத் தள்ளுகிற பிளை வேண்டும். கறுப்பு வூலி பக்கர் என்ற பழைய பிளை இதற்கு நல்லது. வாலுக்கு மென் இறகு, உடம்பைச் சுற்றிச் சேவல் கழுத்து இறகு. நாட்டுச் சேவல் இறகே போதும், கடையில் வாங்கத் தேவையில்லை. போடும் இடம் முக்கியம். தண்ணீர் ஏற ஏற மீன் நடுக்குளத்தை விட்டுப் புதிதாக மூழ்கிய புல்லுக்குள் ஏறும். மண்புழு, வண்டு, தவளைக்குஞ்சு எல்லாம் அங்கேதான் மூழ்கிக்கொண்டிருக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் பெரிய மீன் நிற்கும் மாதம் இது. தூரம் எறிகிறவரை விடக் கரையோரமாக மெல்ல நடக்கிறவருக்குத்தான் மீன்.

மார்கழியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் ஊரே வானடியில் கூடும். வீச்சுவலைக்காரருக்கு அது திருவிழா. பாய்கிற தண்ணீரை எதிர்த்துச் சிறு மீன் ஏறப் பார்க்கும், அதைத் தின்ன விராலும் வாளையும் சுழியின் ஓரத்தில் நிற்கும். வெள்ளையும் பச்சையும் கலந்த சிறுமீன் உருவப் பிளையைச் சுழியோரமாகத் துடிக்கத் துடிக்க இழுத்தால் பிடிக்கும். ஆனால் இந்த இடத்தை நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை. வான் வெள்ளம் ஆளை இழுத்துவிடும். வலைகளுக்கு நடுவே பிளை நூலைப் பின்னால் வீச இடமும் இருக்காது.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். குளம் நிறைந்தும் இருக்கும். தை முதல் பங்குனி வரைதான் வன்னியில் பிளை பிஷிங்கின் தங்கக் காலம். பனி விழும் காலையில் காற்றும் அடங்கியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த மாதங்களில் தொடங்கட்டும், வேறு மாதத்தில் தொடங்கினால் மனம் விட்டுப் போகும். தெளிந்த தண்ணீரில் மீன் நம்மையும் பார்க்கிறது என்பதால் நூலின் நுனியில் கட்டும் மெல்லிய தங்கூசியை 9 அடிக்கு நீட்ட வேண்டும், பிளையும் சிறுக்க வேண்டும். தும்பிகள் பறக்கும் காலம் இது. தும்பியின் குடம்பி நீர்ப்பாசிக்குள் மாதக்கணக்காக வாழ்கிறது, எல்லா மீனுக்கும் அது இரை. ஒலிவ் அல்லது மண்ணிறத்தில், கண் துருத்திய ஒரு சிறு உருவத்தை 10ஆம் இலக்க முள்ளில் கட்டி, பாசி ஓரமாக அங்குலம் அங்குலமாக இழுத்தால் கெண்டை வரும்.

திலாப்பியா கொஞ்சம் வேறு விஷயம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளங்களின் முதன்மை மீனாகிவிட்ட இது பெரும்பாலும் பாசியையும் அடிச்சேற்றையும் தின்கிறது. பூச்சிப் பிளையை அதன் மூக்கின் முன்னால் ஆட்டிக் களைத்துப் போனவர்கள் பலர். காலையில் மீன்பிடிச் சங்கக்காரர் வலை எடுத்துக் கரையில் மீன் வெட்டும்போது வயிற்றைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். பச்சைக் களிதான் இருக்கும். பிளையைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடைக்காது. வயிற்றில் பச்சை இருந்தால் பச்சைக் கம்பளி நூலை 12ஆம் இலக்க முள்ளில் தளர்வாகச் சுற்றிப் பிசிறி விட்டு, அலையில் மிதந்து வருகிற பாசித் துணுக்கு போல விடுங்கள். மெதுவாக வாயை வைத்து உறிஞ்சும், நூல் அசைவதே தெரியாது. நூல் நின்ற மாதிரி தோன்றினாலே உயர்த்த வேண்டும். ஆழம் குறைந்த மணலில் வட்டமாகக் குழி தோண்டி ஆண் மீன் காவல் நிற்கும் இடங்களில் எதை விட்டாலும் கவ்வி வெளியே எறியப் பார்க்கும். அங்கே பிடிப்பது எளிதுதான். ஆனாலும் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் சுமக்கும் தாய் மீன்கள் பக்கத்திலேயே இருக்கும், மாட்டினால் எல்லாவற்றையும் துப்பிவிடும். குழிகளை விட்டு விலகி எறிவதே நல்லது.

சித்திரையில் இடிமழை இரண்டு மூன்று வரும், ஈசலும் சில மாலைகளில் திரும்ப எழும்பும். அப்புறம் வைகாசியில் சோழகம் தொடங்கிவிடும். தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க வீசும் அந்தக் காற்றில் பிளை நூலைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. மீனோ காற்று தள்ளுகிற உணவைத் தேடி வடகிழக்குக் கரையில் கூடும். அங்கே நின்றால் காற்று முகத்தில் அடிக்கும், நூல் முன்னால் போகாது. வலக்கைக்காரருக்கு ஒரு வழி உண்டு. தென்கிழக்குப் பக்கக் கரையில் குளத்தைப் பார்த்து நின்றால் சோழகம் இடப்பக்கத்திலிருந்து வரும், பிளை உடம்பை விட்டு விலகிப் பறக்கும். எதிர்க்கரையில் நின்றால் காற்று அதே முள்ளை நம் முகத்துக்கே கொண்டுவந்து அடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இந்த மாதங்களில் தடியைத் தொடக்கூடாது. சிறுபோகத்துக்குத் துரிசு திறந்திருக்கும் நாட்களில் குளத்தின் உட்பக்கம் துரிசை நோக்கி மெல்லிய இழுவை இருக்கும், அதில் சிறுமீன் சேரும். காற்றோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் அந்த மூலையில் சிறுமீன் பிளையைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி விரால். ஆடி முதல் புரட்டாதி வரை, தண்ணீர் ஒடுங்கித் தாமரையும் அல்லியும் சேற்றோடு கிடக்கும் காலம் அதற்குரியது. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. 10 பாகையில் ஒரு லீற்றருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஒட்சிசன் 30 பாகையில் ஏழரை அளவில்தான் கரையும். பாசி நிறைந்த குளத்தில் இரவு முழுவதும் அதுவும் செலவாகி, விடியற்காலையில் மிகக் குறைந்திருக்கும். கெண்டையும் திலாப்பியாவும் சோர்ந்து போகும் அந்த நேரத்தில் விராலுக்குக் கவலையில்லை, அது மேலே வந்து காற்றையே குடிக்கும். அப்படி வந்து புரளும் வட்டம்தான் நமக்குத் தடயம். வட்டத்தின் நடுவில் எறியாமல், அது போகும் திசையில் நாலைந்து அடி முன்னால் எறிய வேண்டும்.

விராலுக்கு நம் பெரியவர்கள் உயிர்த்தவளை கட்டித் தாமரை இலைகளுக்கு நடுவே தட்டித் தட்டி இழுப்பார்கள். அந்த அறிவு அப்படியே பிளைக்கும் பொருந்தும். பழைய பாட்டாச் செருப்பின் மெத்தென்ற ரப்பரை விரல் நுனி அளவுக்கு வெட்டி, முன்முகத்தைக் கொஞ்சம் குழித்து, 2/0 என்ற பெரிய முள்ளில் ஒட்டி, பின்னால் ஆட்டு மயிரைக் கால்களாகக் கட்டினால் நல்ல பொப்பர் ஒன்று கிடைக்கும். இழுக்கும்போது குழித்த முகம் தண்ணீரைத் தள்ளி ‘ப்ளப்’ என்று சத்தம் எழுப்பும். இலையில் கொளுவாமல் இருக்க, தடித்த தங்கூசித் துண்டு ஒன்றை முள்ளின் முன்னால் வளைத்துக் கட்டிவிட வேண்டும். நிறம் அவ்வளவு முக்கியமில்லை, காலை மங்கலில் கறுப்பு, வெளிச்சம் வந்தபின் பச்சை அல்லது மஞ்சள் என்று வைத்துக்கொண்டால் போதும். முக்கியமானது இடைவெளி. ஒரு இழுப்பு, பிறகு அலை வட்டம் அடங்கும் வரை பொறுமை, பிறகு இன்னொரு இழுப்பு. விரால் பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும். தண்ணீர் வெடித்த உடனே தடியைத் தூக்கினால் வாயிலிருந்து பிளை பறந்துவிடும். அது வாயை மூடித் திரும்பும் வரை பொறுத்து, தடியைத் தாழ்த்தியபடியே நூலைக் கையால் பலமாக இழுத்துக் கொளுவ வேண்டும். அதன் தாடை எலும்பு கடினமானது, மெல்லிய முள் அதில் ஏறாது. கொளுவியதும் தாமரைத் தண்டுக்குள் ஓடப் பார்க்கும் என்பதால் 20 இறாத்தல் இழுவை தாங்காத தங்கூசி வேண்டாம்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாரியிலும் அதற்குப் பிறகும் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மேலே பொங்கிப் பொங்கி நகர்வதைக் கண்டால் அங்கே எறியக்கூடாது. கீழே தாயும் தகப்பனும் காவல் போகின்றன. குஞ்சைக் காக்கும் வெறியில் எந்தப் பிளையையும் அடிக்கும் என்பதால் அந்த மீனைப் பிடிப்பது மிகவும் எளிது. ஆனால் காவல் போனதும் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். வன்னிக் குளங்களில் அடுத்த வருட விரால் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கோடை மாதங்களில் இன்னும் இரண்டு கவனம் வேண்டும். தண்ணீர் வற்றியதும் முதலைகள் எஞ்சிய மடுக்களில் சேர்ந்துவிடும், ஆகவே இடுப்பளவு இறங்கி எறிவது என்ற மேலைநாட்டுப் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். வற்றிய அலைகரையைப் பார்த்துப் புதுப்பாதை பிடித்துக் காட்டுக்குள் நுழையவும் வேண்டாம். யானையும் உண்டு, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கும் இடங்களும் உண்டு. ஊரவர் நடக்கும் அணைக்கட்டே போதும். பெரும்பாலான குளங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கம் இருக்கிறது, மீன்குஞ்சு விடுவதும் பிடிப்பதும் அவர்களின் சீவியம். முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வலை கட்டியிருக்கும் பக்கத்தை விட்டு எறிவதுதான் முறை. வனசீவராசிகள் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களுக்கு அனுமதி தனியாகக் கேட்க வேண்டும். சுண்டிக்குளம் தேசிய பூங்கா அப்படிப்பட்டது.

குளம் ஒட்டிப் போன மாதங்களில் களப்புப் பக்கம் போகிறவர்களும் உண்டு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகியவற்றின் கணக்கு முகத்துவாரத்தில் இருக்கிறது. கோடையில் மணல் திட்டு வாயை அடைக்கும், உள்ளே தண்ணீர் குறைந்து உப்பு ஏறும். மாரி வெள்ளம் வந்ததும் திட்டு உடைந்து கடலோடு சேரும். அந்த உடைப்பை ஒட்டிய நாட்களில் களப்பில் வளர்ந்த இறாலும் சிறுமீனும் கடலுக்குப் போகும், கொடுவாவும் பாரையும் அதற்காகக் காத்திருக்கும். 1980களில் பென்சில்வேனியாவில் பொப் கிளவுசர் ஆற்று மீனுக்காகக் கட்டிய கிளவுசர் மினோ இங்கேயும் நன்றாகப் பொருந்தும். தலையில் உள்ள ஈயக் கண்கள் பிளையைக் கவிழ்த்து முள் நுனியை மேலே வைத்திருப்பதால் அடியில் இழுத்தாலும் சிப்பியிலும் வேரிலும் அதிகம் சிக்காது. வெள்ளையும் ஒலிவும் சிறுமீனுக்கு, மங்கிய மண்ணிறமும் கொஞ்சம் செம்மஞ்சளும் இறாலுக்கு. கொடுவாவின் செவுள் ஓரம் கத்தி மாதிரி வெட்டும், அதனால் பிளைக்கு முன்னால் இரண்டு முழம் 40 இறாத்தல் தங்கூசி கட்டுங்கள். களப்பிலிருந்து வந்த பிளையை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய விடுங்கள். உப்போடு பெட்டியில் வைத்தால் மற்ற முள்ளெல்லாம் சேர்ந்து துருப்பிடிக்கும்.